குடைத்துணிச் சட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளா. என் மகள் இருக்கிறாள். நான் பேனாவால் எழுதுகிற இந்தத் தாள்களைப் பக்கத்து அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறவள் அவள்தான். அந்த அறையின் ஜன்னல் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். இதை எதற்கு முதலிலேயே சொல்கிறேன் என்றால், நோய் வந்த பிள்ளையைப் பற்றி எழுதுகிறவர்கள் கடைசிப் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் படத்துக்கு மாலை போட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணத்தில் கைக்குட்டையைத் தேடி வைத்துக்கொண்டு யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

நான் எட்டாவது வரை படித்தவன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வைண்டிங் பகுதியில் வேலை. நூற்ற நூல் சின்னச் சின்னக் கண்டுகளாக எங்களிடம் வரும். அதைப் பெரிய கோனில் சுற்ற வேண்டும். சுற்றும்போது நூலில் எங்காவது தடிப்போ மெலிவோ பிசிறோ தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து முடிச்சுப் போட்டு மறுபடி ஓடவிட வேண்டும். என் மனைவிக்கு அதே மில்லில் பஞ்சு பொறுக்குகிற வேலை. பேல் என்கிற பஞ்சுப் பொதியை உடைத்துக் கொட்டியதில் சணல் நார், தலைமுடி, கலர்த் துணித் துணுக்கு, எண்ணெய்க் கறை பட்ட பஞ்சு என்று என்னென்னவோ கிடக்கும். மிஷினுக்குள் போவதற்கு முன்னால் அவளும் அவளோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிற பெண்களும் அதையெல்லாம் பொறுக்கி எடுத்துவிடுவார்கள். ஒரு சிவப்புத் துணுக்கு தப்பித்து உள்ளே போய்விட்டால் போதும், அது அரைபட்டுப் பிரிந்து எத்தனையோ கோன்களில் சிவப்புப் பிசிறாக வந்து நிற்கும். இந்த இரண்டு வேலைகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

என் மனைவி எனக்குத் தாய்மாமன் மகள். எங்கள் பக்கத்தில் அது முறை. மாமன் மகள் இருக்கும்போது வெளியே பெண் பார்க்கப் போனால்தான் ஏன், என்ன என்று ஊர் கேட்கும்.

மகள் எண்பதுகளின் தொடக்கத்தில் பிறந்தாள். நடக்க ஆரம்பித்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. வாசலுக்கு இறங்கினால் கண்ணில் நீர் கொட்டும். கையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவருவாள். கன்னத்திலும் மூக்கிலும், யாரோ பேனாவை உதறினதுபோல் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். மாதம் ஆக ஆகப் புள்ளிகள் கூடின. பார்த்தவர்கள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம். புள்ளி குறையவில்லை.

என் அக்காவைச் சுந்தரபாண்டியத்தில் விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் வந்து பிள்ளையைப் பார்த்தாள். சூரியனுக்கு ஏதோ குறை வைத்திருக்கிறோம், அதுதான் பிள்ளை முகத்தில் காட்டுகிறது என்றாள். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை வாசலில் பொங்கல் வைத்து, பானை பொங்குகிறவரை பிள்ளையைச் சூரியனைப் பார்க்க நிறுத்த வேண்டும், மூன்று வருடம் விடாமல் செய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். எங்கள் சனத்தில் தோலில் எது வந்தாலும் கடைசியில் வெயிலிடம்தான் முறையிடுவோம். தை ஞாயிறுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

நான்கு வயதுப் பிள்ளையைக் குளிப்பாட்டி, புதுப் பாவாடை கட்டி, கிழக்கே பார்க்க நிறுத்தினோம். விறகு ஈரம். நான் குனிந்து ஊதிக்கொண்டே இருந்தேன். புகைதான் வந்தது, தீ பிடிக்கவில்லை. பிள்ளை உள்ளே போக வேண்டும் என்று அழுதாள். பால் பொங்குகிறவரை அசையக் கூடாது என்று அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒருவழியாகப் பொங்கியது. குலவை போட்டார்கள். அன்று சாயங்காலம் பிள்ளையின் முகம் வீங்கி, உதடு வெடித்து, நெற்றியெல்லாம் கொப்புளம்.

தெரியாமல் செய்தோம். தெரிந்த பிறகு செய்யவில்லை. இதற்குமேல் இதைப் பற்றி நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மதுரையில் தோல் வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். பிள்ளையை நிழலான மூலையில் உட்காரவைத்து, லென்ஸ் வைத்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார். கண் இமையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு நோயின் பெயரைச் சொன்னார். வாயில் நுழையாத பெயர். எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அவர் பொறுமையாகச் சொன்னார். நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளால் ஆனது. அதற்குச் செல் என்று பெயர். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மிக நீளமான ஒரு நூல் சுருண்டு கிடக்கிறது. அதுதான் டி.என்.ஏ. நான்கே நான்கு வகைக் கற்களை மாற்றி மாற்றி அடுக்கிச் செய்த நூல். மூக்கு எப்படி, முடி எப்படி, சோறு எப்படிச் செரிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கற்களின் வரிசையில்தான் இருக்கிறது. தோலில் வெயில் பட்டால் அங்கங்கே பக்கத்துப் பக்கத்துக் கற்கள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எல்லோருக்கும் ஒட்டும். உங்களுக்கும் எனக்கும் ஒட்டும். ஆனால் செல்லுக்குள் அதற்கென்று வேலையாட்கள் இருக்கிறார்கள். ஒட்டிய இடத்தைக் கண்டுபிடித்து, அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, புதுக் கற்களை வைத்துச் சரிசெய்துவிடுவார்கள். வெயிலில் போய்விட்டு வந்து நாம் மறந்துவிடுகிறோம், அவர்கள் மறப்பதில்லை.

“ஒங்க பிள்ளைக்கு அந்த வெட்டுற ஆள் இல்ல,” என்றார்.

ஒட்டின இடம் ஒட்டினபடியே கிடக்கும். அதன்மேல் பிழை, பிழைமேல் பிழை என்று சேரும். இன்றைக்குப் புள்ளியாகத் தெரிவது நாளைக்கு ஆறாத புண்ணாக மாறலாம். புற்றாகவும் ஆகலாம்.

நான் கேட்டேன், “அப்ப, வைண்டிங்ல ஆள் இல்லாம நூல் ஓடிக்கிட்டு இருக்கு. அப்படித்தானம்மா?”

அவருக்கு வைண்டிங் என்றால் என்னவென்று தெரியவில்லை. சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். அதேதான் என்றார். ஆனால் மில்லில் ஆள் வராவிட்டால் மாற்று ஆள் போடலாம், இங்கே போட முடியாது, மருந்தும் கிடையாது என்றார். ஒரே ஒரு வழிதான். நூல் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பிள்ளைமேல் வெயில் படக் கூடாது. முகத்தில், கையில், கண்ணில், எங்கேயும்.

அப்புறம் நீங்கள் இருவரும் சொந்தமா என்று கேட்டார். மாமன் மகள் என்றேன். அவர் திட்டவில்லை. வெட்டுகிற ஆளை எப்படிச் செய்வது என்ற குறிப்பு எல்லோரிடமும் இரண்டு படி இருக்குமாம். ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. இரண்டில் ஒன்று நல்லதாக இருந்தால் போதும், வேலை நடக்கும். எங்கள் இருவரிடமும் ஒரு நல்ல படியும் ஒரு கெட்ட படியும் இருந்திருக்கிறது. பிள்ளைக்கு இரண்டு பக்கமும் கெட்டதே வந்து சேர்ந்துவிட்டது. ஒரே குடும்பம் என்பதால் அந்தக் கெட்ட படி ஒரே தாத்தாவிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ இரண்டு கிளையாக இறங்கி வந்திருக்கலாம் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி சேலைத் தலைப்பை இரண்டாக மடித்துப் பிள்ளையை மூடியிருந்தாள். அப்போது பஸ் கல்லுப்பட்டியைத் தாண்டியிருந்தது. பிள்ளைக்குப் புள்ளி வந்த நாளிலிருந்து எல்லோருடைய பேச்சும் அவள்மேல்தான் விழுந்திருந்தது. சூல்கொண்ட நேரத்தில் எதைத் தின்றாள், எங்கே போனாள் என்று.

“மச்சான், அப்ப பாதி ஒங்களுதா?” என்று கேட்டாள்.

“பாதி என்னுது.”

“சரி,” என்றாள். செத்த நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு தூங்கினாள் என்று நினைக்கிறேன்.

அடுத்து துணி. வெயில் நுழையாத துணி வேண்டும். எங்கள் ஊரைச் சுற்றித் தறி ஓடாத தெரு கிடையாது. ஆனால் அங்கே பெரும்பாலும் நெய்வது காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி. அதைத் தூக்கிப் பிடித்தால் எதிரே நிற்கிறவரின் மீசையை எண்ணிவிடலாம். கிடைத்த துணியையெல்லாம் வாங்கி வந்து எரிகிற பல்புக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வெளிச்சம் ஒழுகியது.

அடுத்த வீட்டில் குடை ரிப்பேர் செய்கிற பாய் குடியிருந்தார். மழைக் காலத்தில் குடை, மற்ற நாட்களில் டார்ச் லைட்டும் ஸ்டவ்வும். நான் பல்பும் துணியுமாக மல்லுக்கட்டுவதை வேலிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், வீட்டுக்குள் போய் ஒரு சுருள் கறுப்புத் துணியைக் கொண்டுவந்து பல்பின்மேல் போட்டார். பல்பே அணைந்துபோன மாதிரி ஆனது.

“ஊரு பூரா இதைத்தான தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு வெயில்ல திரியுறான்,” என்றார். “ஒமக்கு இது தெரியலையேவே.”

பாயம்மா தைத்துக் கொடுத்தார். தான் வெளியே போகும்போது உடம்பைச் சுற்றிப் போடுகிற துப்பட்டியை அளவுக்கு வைத்து, தலையிலிருந்து குதிகால்வரை ஒரே சட்டை. கை விரல் நுனியையும் தாண்டி நீளும். தலைக்கு மூடி, மூக்குக்கு மேல் ஒரு மடிப்பு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு முகம் பார்க்கிற கண்ணாடி முன்னால் போய் நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தோம்.

“கரடி,” என்று சொல்லிவிட்டு, உறுமிக்கொண்டே போய் பாயைக் கடித்தாள்.

அந்தச் சட்டையோடு முதல் முதலாக மத்தியான வெயிலில் அவளைத் தெருவில் நடத்திக் கூட்டிப்போனேன். வேண்டுமென்றேதான் மத்தியானத்தில் போனேன். பிள்ளையை இருட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறான் என்று யாரும் சொல்லக் கூடாது, வெயில் உட்பட. தெருப் பிள்ளைகள் அவளுக்குக் ‘குடை’ என்று பேர் வைத்தார்கள். டீக்கடையில் ஒருவன், “ஏலே, மகளப் பாய் வீட்டுக்கே எழுதிக் குடுத்துட்டியா?” என்று கேட்டான். இது குடைத்துணி, இதைப் போட்டால் மதம் மாறும் என்றால் உன் கக்கத்தில் இருக்கிற குடையை முதலில் போய்க் கேள் என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் குடையை மாற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

அடுத்த தை வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே என் அக்கா சுந்தரபாண்டியத்திலிருந்து புதுப் பானையும் பச்சரிசியும் மஞ்சள் கொத்துமாக வந்து இறங்கினாள். டாக்டர் சொன்னதை நான் முன்பே சொல்லியிருந்தேன். அவள் அதை ஒரு காதில் கூட வாங்கவில்லை. மூன்று வருடம் வேண்டிக்கொண்டதை நடுவில் விட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரே பிடியாக நின்றாள். பிள்ளையை வெளியே விட மாட்டேன் என்று என் மனைவி வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். பேச்சு முற்றியது. தெருவில் நாலைந்து பேர் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

“இவ பக்கத்து ரத்தம்லே இது,” என்றாள் அக்கா. “பொண்ணு எடுத்த எடம் சரியில்ல. நான் அப்பவே சொன்னேன்.”

வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று நான் சத்தமாகவே பேசினேன். “ஏக்கா, அவ பக்கம் எந்தப் பக்கம்? அவ அப்பா நம்ம அம்மாகூடப் பொறந்தவுக. அவ தாத்தாதான் நமக்கும் தாத்தா. அந்த ரத்தம் கெட்டதுன்னா நீயும் நானும் எங்கருந்து வந்தோம்? பாதி என்னுது, பாதி அவளுது. இனிமே இவளை ஒரு வார்த்தை சொன்னா, முழுசையும் என்னயச் சொன்னதாத்தான் வச்சுக்கிடுவேன்.”

தாத்தா என்றால் அக்காவுக்கு உயிர். அவரைப் பற்றி ஒரு சொல் பொறுக்க மாட்டாள். இந்தக் கணக்கை அவள் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. பானையைக் கீழே வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில், “வேண்டுதல என்ன செய்யுறது?” என்று கேட்டாள்.

“நான் நிக்கேன். சூரியனுக்கு ஒரு ஆள்தான வேணும்?”

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிழக்கே பார்க்க நின்றேன். இந்த முறை விறகு காய்ந்திருந்தது. பானை சீக்கிரமே பொங்கியது. கண் கூசி நான் ஒருதடவை முகத்தைத் திருப்பினேன். வீட்டுக்குள் நிழலில் நின்ற என் மகள், “அசையக் கூடாதுப்பா, பொங்குற வரைக்கும் அசையக் கூடாது,” என்று அத்தையின் குரலிலேயே அதட்டினாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் கரண்டிப் பொங்கலை அவளே உள்ளே கொண்டுபோய் மருமகளுக்கு ஊட்டினாள். மூன்றாவது வருடமும் நான்தான் நின்றேன்.

பள்ளிக்கூடம் வேறு கதை. அதில் யாரும் சிரிக்கவில்லை. இது தொற்றும் என்று சில பெற்றோர் பயந்தார்கள். டாக்டரின் சீட்டைக் காட்டினேன். யூனிபாரம் தெரியவில்லை என்றார்கள். சட்டைக்கு உள்ளே இருக்கிறது, வகுப்பில் நிழலுக்குப் போனதும் கழற்றிவிடுவாள் என்றேன். ஒவ்வொரு வருடமும் ஒரு புதுக் காரணம், ஒவ்வொரு வருடமும் நான் போய் நிற்பேன். எட்டாவது முடிகிறவரை இப்படி ஓடியது. ஒன்பதாம் வகுப்பு பக்கச் சுவர் இல்லாத கொட்டகையில் நடந்தது. வகுப்பை மாற்றிக் கொடுங்கள், உள்ளே இருக்கிற ஆறாம் வகுப்பைக் கொட்டகைக்குப் போடுங்கள் என்று கேட்டேன். முடியாது, பெண்பிள்ளைதானே, வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மகள் கேட்டாள், “அப்ப பத்தாவது எழுதணும்னா வேற வழி என்ன இருக்கு?” பள்ளிக்கூடம் போகாதவர்களும் தனித்தேர்வராக எழுதலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். அதன் பிறகு வீடுதான் அவளுக்குப் பள்ளிக்கூடம். பத்தாவது எழுதாமல் விடுவதில்லை என்று அவளும் நானும் பிடிவாதமாக இருந்தோம். இருந்தோம் என்பதை விட, அவள் இருந்தாள், நான் கூட நின்றேன் என்பதுதான் சரி.

இதற்கிடையில் மதுரைக்குப் போய்வருவதும் நிற்கவில்லை. மூக்கு நுனியிலும் கன்னத்திலும் கெட்டுப்போன இடங்களை அவ்வப்போது அறுத்து எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் தையல் பிரிப்பதற்குள் டாக்டரம்மாவிடம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்பாள். ஒருதடவை திரும்பி வந்து சாப்பாட்டுக்கு உட்காரும்போது எங்களுக்கு ஒரு சேதி சொன்னாள். நூலில் சேர்ந்த கற்கள் மட்டும்தான் கெடும் என்று இல்லையாம். நூலில் சேர்வதற்கு முன்னால், உதிரியாக மிதந்துகொண்டிருக்கிற கற்களும் கெடுமாம். வெயில்கூட வேண்டாம், நாம் இழுத்து விடுகிற மூச்சுக் காற்றே போதுமாம். இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிற அதே காற்று. அப்படிக் கெட்ட கல் நூலில் சேர்ந்தால், தனக்கு உரிய ஜோடியை விட்டுவிட்டு வேறு கல்லோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். வரிசையே தப்பாகிவிடும். அதனால் செல்லுக்குள் அதற்கும் ஓர் ஆள் இருக்கிறதாம். உதிரிக் கற்களைப் பார்த்துக்கொண்டே இருந்து, கெட்டது எது என்று கண்டுபிடித்து, அது நூலில் ஒட்ட முடியாதபடி அதன் வாலை ஒடித்துப் போட்டுவிடுமாம். இதையெல்லாம் வெளிநாட்டில் இப்போதுதான் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னாராம்.

என் மனைவி கையில் எடுத்த சோற்றை வாயில் போடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்ப எங்க டிபார்ட்மெண்டும் உள்ள இருக்கா?” என்றாள்.

“இருக்கும்மா. ஒங்க டிபார்ட்மெண்டு எனக்கு நல்லா ஓடுது. அப்பா டிபார்ட்மெண்டுலதான் ஆள் வரல.”

“அது எப்பவும் அப்படித்தான்,” என்றாள் என் மனைவி. “நாங்க பொறுக்குறதப் பொறுக்கித்தான் அனுப்புதோம். வைண்டிங்லதான் டீக் குடிக்கப் போயிருதாக.”

எத்தனையோ வருடம் அவள்மேல் போட்ட பழியை அவள் அன்றைக்கு ஒரே வாய்ச் சோற்றோடு என் தலையில் இறக்கி வைத்துவிட்டாள். மூன்று பேரும் புரையேறுகிறவரை சிரித்தோம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு பங்குனி மாதம் பரீட்சை வந்தது. தனித்தேர்வர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மையம் போட்டிருந்தார்கள். பஸ்ஸில் இடது பக்கம், மலையைப் பார்த்த சீட்டில் அவளை உட்காரவைத்தேன். காலையில் போகும்போது அந்தப் பக்கம் வெயில் அடிக்காது. பஸ்ஸை விட்டு இறங்கி, கட்டடங்களின் நிழலை ஒட்டியே நடந்தோம்.

ஹாலுக்குள் அவளுடைய நம்பர் போட்ட பெஞ்சு கிழக்கு ஜன்னலை ஒட்டி இருந்தது. ஜன்னலில் கம்பி மட்டும்தான், கதவு கிடையாது. வெயில் நேராகப் பெஞ்சின்மேல் விழுந்து கிடந்தது. வாசலிலேயே அவளை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சட்டையைக் கழற்றாமல் உள்ளே விட முடியாது என்றார் மையத்துப் பெரிய சார். இவ்வளவு பெரிய சட்டைக்குள் எத்தனை பிட்டு வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாமே என்பது அவர் கவலை. டாக்டர் சீட்டை வாங்கிக் கடைசிவரை படித்தார். மனதில் ஈரம் இல்லாதவர் அல்ல. பறக்கும் படை எந்த நேரமும் வரலாம், என் வேலை போய்விடும் என்றார். வேறு பெஞ்சு கேட்டேன். நம்பர் வரிசையை மாற்ற முடியாது என்றார்.

நான் பேச வாய் திறப்பதற்குள் என் மகள் பேசினாள். “சார், இருட்டு ரூம்ல வச்சு எம்புட்டு வேணும்னாலும் சோதிச்சுக்கோங்க. நிழல்னா இப்பவே கழட்டுதேன். வெயில்ல கழட்ட மாட்டேன். எழுதாமலும் போக மாட்டேன்.”

அவர் அவளைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த தனித்தேர்வர்கள், பிள்ளைகுட்டி பெற்றவர்கள்கூட இருந்தார்கள், எல்லோரும் திரும்பி எங்களையே பார்த்தார்கள்.

“வெயில நான் நிறுத்துதேன் சார்,” என்றேன். “அந்தச் சட்டையவே ஜன்னலுக்கு வெளிய விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன்.”

பரீட்சை நடக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆள் நிற்பதா என்று அவர் பதறினார். வெளியாள் நின்றால் பிட்டுக் கொடுக்கத்தான் நிற்கிறான் என்பார்கள். அப்போது வராந்தாவில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தொண்டையைக் கனைத்தார். “அவரு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கட்டும் சார். திரும்புனா நான் பாத்துக்கிடுதேன்.”

பெரிய சார் ஒரு டீச்சரைக் கூப்பிட்டு, என் மகளை உள்ளறைக்குக் கூட்டிப்போய்ச் சோதிக்கச் சொன்னார். அதைத்தான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜன்னலின் மேல் கம்பியில் சட்டையின் தலைமூடியை முடிந்தேன். காற்று துணியைத் தூக்கியது. அதனால் இரண்டு ஓரத்தையும் இரண்டு கையால் விரித்துப் பிடித்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். முன்னால் போலீஸ்காரர், அவருக்குப் பின்னால் சூரியன். உள்ளே மணி அடித்தது, தாள் கொடுத்தார்கள், தாள் புரளுகிற சத்தம் கேட்டது. அவள் எழுதுகிறாளா, விழிக்கிறாளா, எனக்குத் தெரியாது. பார்க்க முடியாது. முகம் எரிந்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. ஆனால் எனக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்தது. இந்த வெயில் என் தோலில் செய்கிற கேட்டையெல்லாம் வெட்டி எடுத்துச் சரிசெய்ய எனக்குள் ஆள் இருக்கிறது. என் ஆட்கள் வேலை செய்யட்டும். அவர்களை அதற்குத்தானே வைத்திருக்கிறேன்.

பாதிப் பரீட்சையில் ஜீப் வந்தது. பறக்கும் படை. பெரிய அதிகாரி ஒருவர் வேகமாக என்னை நோக்கி வந்தார். “யாருய்யா நீ? ஜன்னல்ல என்ன வேலை?”

“ஜன்னல் கதவு சார்,” என்றேன்.

அவருக்கு முகம் சிவந்தது. போலீஸ்காரர் ஓடி வந்து விவரம் சொன்னார். அதிகாரி ஹாலுக்குள் போனார். வெளியே வர நேரம் ஆனது. வந்தவர் நேராக ஜீப்புக்கு நடந்தார். ஏறும்போது திரும்பி, “கதவுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்கய்யா,” என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். போலீஸ்காரர் சொம்பைத் தூக்கி என் வாயில் ஊற்றினார்.

ரிசல்ட்டைக் கேட்பீர்கள். எல்லாப் பாடத்திலும் பாஸ். கணக்கில் மட்டும் எல்லைக்கோட்டைத் தொட்டு நின்றாள். அதிலும் பாதி என்னுது, பாதி ஒன்னுது என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். கணக்கு முழுவதும் உங்கள் வழியில் வந்ததுதான் என்று அவள் அடித்துச் சொல்லிவிட்டாள்.

ஆனால் பரீட்சையின் அந்த முதல் நாளைத்தான் சொல்லி முடிக்க வேண்டும். கடைசி மணி அடித்து, தாள் வாங்கி, பெஞ்சுகள் நகருகிற சத்தம் கேட்டது. முதுகுக்குப் பின்னாலிருந்து என் மகளின் குரல் வந்தது.

“அப்பா, வெயிலு ஜன்னல விட்டு மேல ஏறி ரொம்ப நேரமாச்சு. இன்னும் ஏன் நிக்கீக?”

“எனக்கு முதுகுலயா கண்ணு இருக்கு?”

“காலுக்குக் கீழ நிழலப் பாத்தாத் தெரியாதா?”

குனிந்து பார்த்தேன். என் நிழல் சுருங்கி என் காலடிக்குள்ளேயே கிடந்தது. எப்போது சுருங்கியது என்று தெரியவில்லை. கையை இறக்கினேன். தோள் இரண்டும் இறங்க மறுத்தன. முடிச்சை அவிழ்த்துச் சட்டையைக் கம்பி வழியாக உள்ளே கொடுத்தேன். மை பட்ட விரல்களால் அவள் அதை வாங்கினாள். வாங்கியவள் கையை உதறினாள்.

“அப்பா, துணி சுடுது.”

“சுடட்டும்,” என்றேன். “உள்ள வரலைல்ல.”